பின் பிரேக் லைனரை வீட்டிலேயே மாற்றலாமா? மூன்று முறை இறுக்கியும் பெடல் மீண்டும் கீழே போகிறது

கேள்வி: மட்டக்குளி கெப்காரர்

அனைவருக்கும் வணக்கம்.

என்னிடம் 1990களின் பிற்பகுதியில் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. நான்கு சில்லு இயக்கம் உள்ளது, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் (சில்லோடு சேர்ந்து சுழலும் உருளை) பிரேக். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு, சீனி, வெங்காயம் ஏற்றி, மோதறை, மட்டக்குளி, வத்தளைப் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு இறக்கிக் கொடுப்பது என் தொழில் என்பதால், வாரத்தில் ஆறு நாளும் வாகனம் பாரத்தோடுதான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். 2025 இல் இறக்குமதி திறக்கப்பட்ட பின்னர் இரண்டு இடங்களில் விலை விசாரித்துவிட்டு, இருப்பதையே ஒழுங்காகப் பராமரித்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன்.

பிரச்சினை பின் பிரேக்கில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்துக்குள் மூன்று முறை கராஜில் காட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பின் டிரம்களைக் கழற்றித் துப்புரவாக்கி, லைனரை (டிரம்மின் உட்புறத்தில் உரசி வாகனத்தை நிறுத்தும் பட்டையை) இறுக்கித் தருகிறார்கள். அன்றைக்குப் பெடல் நன்றாக மேலே நிற்கும். ஹேண்ட் பிரேக் 6 அல்லது 7 பல்லில், அதாவது இழுக்கும்போது கேட்கும் 6, 7 'டிக்' சத்தத்தில், பிடிக்கும். இரண்டு மூன்று வாரம் போனதும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக்கை 13, 14 பல் வரை இழுத்தாலும் சரிவில் வாகனம் நகரத் தொடங்கும். மூன்றாம் முறை ஹேண்ட் பிரேக் கேபிளையும் சேர்த்து இறுக்கினார்கள். அதற்குப் பிறகு இன்னும் விரைவாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இப்போது லைனர் முடிந்துவிட்டதென்றும் இரண்டு பக்கமும் புதிது போட வேண்டுமென்றும் சொல்கிறார்கள். அந்த லைனரை அதே கராஜில் போட்டு இன்னும் 14 மாதம்கூட ஆகவில்லை.

போன மாதம் கண்டியிலிருந்து திரும்பும்போது, கடுகண்ணாவை இறக்கத்தில், முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போய் இரண்டாம் மிதியில்தான் பிரேக் பிடித்தது. பின் இருக்கையில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் எதையும் கவனிக்கவில்லை. எனக்கு மாவனல்லை வந்து சேரும் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

முன் சில்லுகளின் பிரேக் பேட்டை நானே இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். டிரம் பிரேக்கை ஒருபோதும் திறந்ததில்லை. வரும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் எனக்கு முழு நாள் ஓய்வு கிடைக்கும். வீட்டு முன்றலில் வைத்துப் பின் லைனரை நானே மாற்றலாமா, எதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும், லைனரைத் தவிர வேறு என்ன வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய கராஜ்காரர், தெமட்டகொடை

தம்பி, தாராளமாக மாற்றலாம். ஆனால் புது லைனர் வாங்கப் பணம் கொடுக்கும் முன்னர், நீங்கள் எழுதியிருப்பதை நீங்களே இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். இறுக்கிய அன்று சரியாக இருக்கிறது, மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது, மீண்டும் இறுக்கினால் மீண்டும் சரியாகிறது என்கிறீர்கள். லைனர் மூன்று வாரத்தில் அப்படித் தேய்வதில்லை. லைனருக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி வேறு ஏதோ காரணத்தால் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது லைனரைப் போட்டால், அதுவும் மூன்று வாரம்தான் நன்றாக இருக்கும்.

முதலில் பெடலைக் கேளுங்கள், அது பாதியைச் சொல்லிவிடும். என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாம் முறை மிதிக்கும்போது உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் லைனர் டிரம்மிலிருந்து தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது அல்லது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரின் உள் இறப்பர் போய்விட்டது. அப்படியானால் டிரம்மைத் திறந்து பயனில்லை. கடுகண்ணாவையில் உங்களுக்கு நடந்தது முதல் வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பின் சில்லிலும், இரண்டு லைனர்களுக்கும் இடையில் அஜஸ்டர் என்று ஒரு சிறிய தண்டு இருக்கிறது. அதன் நடுவில் பல் சக்கரம் ஒன்றும், பக்கத்தில் அந்தப் பல்லைத் தட்டிவிடும் மெல்லிய நெம்பு ஒன்றும் இருக்கும். லைனர் தேய்ந்து இடைவெளி கூடும்போதெல்லாம் நெம்பு ஒரு பல்லைத் தள்ளும். மரை சுழன்று தண்டு ஒரு மயிரிழை நீளும். லைனர் மீண்டும் டிரம்முக்கு அருகில் வந்து நிற்கும். சில வாகனங்களில் பின்னோக்கி ஓடும்போது பிரேக் பிடித்தால் இது நடக்கும், சிலவற்றில் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது நடக்கும். இந்த அஜஸ்டர் துருவேறி இறுகிப் போனாலும், நெம்பின் நுனி தேய்ந்திருந்தாலும், மரை இடம் வலம் மாறிப் பூட்டப்பட்டிருந்தாலும், நீங்கள் சொல்லும் குறைகள்தான் வரும். ஹேண்ட் பிரேக் கேபிள் பின் சில்லுக்கு வந்து சேரும் இடத்தில், டிரம்மின் பின்புறத்தை மூடியிருக்கும் பின் தகட்டில், முழங்கை போல் வளைந்த ஒரு நெம்பும் உண்டு. அதன் இறப்பர் உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே போய் அது இறுகிவிடும். இதையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

கேபிளை இறுக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. லைனரின் இடைவெளியை அஜஸ்டரில் சரிசெய்த பிறகு, கடைசியில் மீதமிருக்கும் தளர்வை எடுப்பதற்குத்தான் கேபிள் இருக்கிறது. இடைவெளியை விட்டுவிட்டுக் கேபிளை இழுத்தால், உள்ளேயுள்ள ஹேண்ட் பிரேக் நெம்பு தன் இருப்பிடத்துக்குத் திரும்பி வர முடியாமல் பாதியில் நிற்கும்; அந்த நிலையில் அஜஸ்டர் வேலை செய்வதும் கெட்டுப்போகும். அன்றைக்குக் கைக்கு இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி மிக முக்கியமான விடயம். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். பின் சில்லு இரண்டும் தரையிலிருந்து எழும்பிய பின், கியரில் போட்டிருப்பதால் வாகனம் நிற்கும் என்று நம்பாதீர்கள். நான்கு சில்லு இயக்கத்தைப் போடாதபோது கியர் பிடிப்பது பின் சில்லுகளைத்தான், அவையோ அந்தரத்தில் இருக்கின்றன. ஒரு பின் சில்லை மட்டும் தூக்கினாலும் இதே கதைதான், இரண்டு பின் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிபரென்ஷியல் வழியாக எழும்பிய சில்லு சுழன்றுவிடும், தரையிலுள்ள சில்லை எதுவும் பிடித்திருக்காது. அந்த நேரத்தில் உங்கள் வாகனத்தை நிறுத்தி வைத்திருப்பது முன் சில்லுகளுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டைகள் மாத்திரமே. ஆகவே சமதளமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, இரண்டு முன் சில்லுகளுக்கும் முன்னாலும் பின்னாலும் கனமான மரக்கட்டை கொடுங்கள். அச்சுக் குழாய்க்குக் கீழே ஜக் கொடுத்துத் தூக்கி, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு அருகில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து இறக்குங்கள். சில்லின் நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். வீடு கட்டும் சீமெந்துக் கல்லை ஸ்டாண்டுக்குப் பதிலாக ஒருபோதும் வைக்க வேண்டாம். உள்ளே வெற்றிடம் உள்ள கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சில்லை வாகனத்தின் சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், அது இரண்டாவது காவல்.

ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மற்றப் பக்கம் பூட்டியபடியே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பிரிங்கை எடுக்கும் முன்னரும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஸ்பிரிங்கில் குறடு வைக்காதீர்கள். டிரம் திறந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் எவரும் வாகனத்தில் ஏறிப் பெடலை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், லைனர்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

உள்ளே ஈரம் தெரிந்தால், விரல் நுனியில் தொட்டுத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தண்ணீரோடு கலந்து போய்விட்டால் அது பிரேக் ஒயில். வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. கழுவினாலும் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஒயில்; அச்சின் சீல் போய்விட்டது, அதை அழுத்திப் பொருத்த கராஜுக்குத்தான் போக வேண்டும். எந்த ஒயிலாக இருந்தாலும் அது ஊறிய லைனரைக் கழுவிக் காயவைத்துப் பூட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

மறுமொழி: வெள்ளவத்தைக் கடலோரம்

பெரியவர் சொன்னதோடு என் அனுபவத்தில் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன், அண்ணா. எங்கள் வீட்டிலும் பழைய கெப் ஒன்று இருக்கிறது. அப்பாவோடு சேர்ந்து அதன் பின் பிரேக்கை நான் இரண்டு முறை திறந்திருக்கிறேன்.

கடற்காற்று படும் இடத்தில் நிற்கும் வாகனத்தில், டிரம்மின் நடுத்துளை ஹப்போடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். முதல் முறை அப்பா அரை மணி நேரம் சுத்தியலால் விளிம்பில் அடித்தார், அசையவேயில்லை. பிறகுதான் டிரம்மின் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரைத் துளைகள் இருப்பதைக் கவனித்தோம். அவை 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கானவை. இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்று வீதம் இறுக்கிக்கொண்டு போனால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். துளையின் மரைக்குள் இருக்கும் துருவை முதலில் சுரண்டி, துருவிளக்கும் ஒயில் இரண்டு துளி விட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். பாதி வெளியே வந்து பிறகு சிக்கினால், டிரம்மின் உள் விளிம்பில் தேய்மானத்தால் உண்டான மேடு லைனரில் தட்டுகிறது. அப்போது பலத்தைக் காட்டக் கூடாது. பின் தகட்டிலுள்ள இறப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய திருப்புளியால் நெம்பைச் சற்று விலக்கிப் பிடித்தபடி, இன்னொன்றால் பல் சக்கரத்தைச் சுழற்றி லைனரை உள்ளே எடுக்க வேண்டும்.

மற்றது தூசி. டிரம்மைக் கழற்றியவுடன் உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் இருக்கும். கராஜ்களில் காற்றுக் குழாயைப் பிடித்து 'புஸ்' என்று ஊதிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பழைய லைனர்களில் கல்நார் சேர்த்திருந்தார்கள். கூரைத் தகட்டில் இருக்கும் அதே அஸ்பெஸ்டஸ்தான். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரலாம். உங்கள் லைனரில் அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே இருக்கிறது என்றே எண்ணி வேலை செய்யுங்கள். ஊத வேண்டாம், காய்ந்த தூரிகையால் தட்டவும் வேண்டாம். கீழே ஒரு பழைய தட்டத்தை வைத்து, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துத் தூளை நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வீசிவிடுங்கள். பிள்ளைகளை முன்றலுக்கு வர விடாதீர்கள். பெற்றோலில் கழுவுபவர்களும் இருக்கிறார்கள்; தீ அபாயம் ஒருபுறமிருக்க, வீல் சிலிண்டரின் இறப்பர் உறை அதில் உப்பிக் கெட்டுவிடும்.

போயா தினத்தில் பஞ்சிகாவத்தையிலும் வாகன உதிரிப்பாகக் கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தேவையானதை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்பிரிங் தொகுதியைக் கட்டாயம் வாங்குங்கள். வெப்பத்தில் தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங் லைனரை முழுமையாகத் திருப்பி இழுக்காது.

மறுமொழி: பாரவண்டிச் சாரதி

மன்னிக்கவும், நான் இதற்கு உடன்படவில்லை. பிரேக் என்பது வீட்டில் பழகிப் பார்க்கும் வேலையல்ல. என் நண்பர் ஒருவர் சந்தில் வைத்துப் பின் சில்லைத் தூக்கியபோது ஜக் சரிந்து, வாகனம் பக்கத்து வீட்டு மதிலில் போய் நின்றது. அவர் கால் தப்பியது தெய்வச் செயல். பாரம் ஏற்றும் வாகனம் இது. உங்கள் பிரேக்கை நம்பி வீதியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். வேறொரு நல்ல கராஜைத் தேடிக் கொடுங்கள்.

மறுமொழி: பழைய கராஜ்காரர், தெமட்டகொடை

உங்கள் கவலை நியாயமானது, அதை நான் இலேசாக எடுக்கவில்லை. சமதளமும் ஸ்டாண்டும் இல்லாதவர், படத்தைப் பார்த்து ஸ்பிரிங்கைப் பழையபடி மாட்ட முடியாதவர், பூட்டிய பின் சந்தேகத்தோடு ஓட்ட எண்ணுபவர், இவர்கள் எவரும் இந்த வேலையைத் தொடக் கூடாது. ஆனால் இந்தத் தம்பியின் வாகனம் மூன்று முறை கராஜுக்குப் போய் வந்த பிறகுதான் கடுகண்ணாவையில் அப்படி நடந்தது. ஒவ்வொரு வருடமும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம்; அங்கே புகையைத்தான் அளக்கிறார்கள். பின் டிரம்முக்குள் என்ன நிலைமை என்பதை வாகனச் சொந்தக்காரர் ஒரு முறையாவது தன் கண்ணால் பார்த்திருப்பது நல்லது. தம்பி, திறந்து பாருங்கள், அளவெடுங்கள், படம் போடுங்கள். எதுவும் பிடிபடாவிட்டால் பழையபடி பூட்டிவிட்டு, நிதானமாக ஓட்டிக்கொண்டு நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் போங்கள்.

மறுமொழி: மட்டக்குளி கெப்காரர்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் சந்து சரிவு என்பதால், தெரிந்த ஒருவருடைய களஞ்சிய முற்றத்தில் இடம் கேட்டு, போயாவன்று காலை 7 மணிக்கே தொடங்கிவிட்டேன். என்ன கண்டேன் என்பதை ஒழுங்காக எழுதுகிறேன்.

பெடல் சோதனையில், முதல் மிதி ஆழம், இரண்டாம் மிதி கெட்டி. அழுத்திப் பிடித்தால் இறங்கவில்லை. இடப்பக்க டிரம் மரைத் துளைகளில் போல்ட் போட்டதும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. உள்ளே ஒயில் ஈரம் எங்கும் இல்லை. வீல் சிலிண்டரின் உறையைச் சற்று விலக்கிப் பார்த்தேன், அங்கும் காய்ந்தே இருந்தது. லைனரை அளந்தபோதுதான் முதல் அதிர்ச்சி: மிகத் தேய்ந்த இடத்திலும் 3.5 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கிறது. முடிந்துவிட்டதாக என்னிடம் சொன்ன லைனர் இதுதான்.

பிறகு அஜஸ்டரைப் பார்த்தேன். துரு இல்லை, பல் சக்கரம் விரலுக்கு இலகுவாகச் சுழன்றது. அப்படியானால் இதில் குறையில்லை என்று நினைத்து வைத்துவிடப் போனேன். ஐயா மரை மாறுவதைப் பற்றி எழுதியிருந்தது நினைவுக்கு வர, நெம்பு எந்தத் திசையில் பல்லைத் தள்ளுகிறதோ அதே திசையில் விரலால் மெதுவாகச் சுழற்றினேன். தண்டு நீள வேண்டும் அல்லவா? குறுகியது. நான் தவறாகப் பார்க்கிறேனோ என்று தண்டின் மரையில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஐந்து பல் சுழற்றினேன். கோடு மெல்ல உள்ளே போய் மறைந்துவிட்டது.

இடப்பக்கத்தை அப்படியே விட்டு, வலப்பக்கத்தையும் திறந்தேன். அங்கும் அதே கதை. 14 மாதத்துக்கு முன்னர் லைனர் போட்டவர்கள் இரண்டு அஜஸ்டர்களையும் இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். இத்தனை நாளும் ஹேண்ட் பிரேக் இழுக்க இழுக்க, லைனர் டிரம்மை நெருங்குவதற்குப் பதிலாக விலகிக்கொண்டே போயிருக்கிறது. சரிவில் நிறுத்தும்போது பாதுகாப்புக்காக இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்து விடுவது என் வழக்கம். அதுவே அதை இன்னும் வேகமாக்கியிருக்கிறது என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

இதைத் தவிர, இடப்பக்கத்து முழங்கை நெம்பு மிக இறுக்கமாக இருந்தது. அதன் இறப்பர் உறை கிழிந்து உள்ளே சேறு காய்ந்திருந்தது. 2016 வெள்ளத்தில் வாகனம் ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் நின்றது, அப்போதைய சேறோ என்னவோ. கழற்றிச் சுத்தமாக்கிக் கிறீஸ் பூசியதும் அசைகிறது.

டிரம்மின் வெளிப்பக்கத்தில் உச்ச விட்டம் 297 மில்லிமீற்றர் என்று வார்க்கப்பட்டிருக்கிறது. உள்விட்டத்தை அளந்தால் இரண்டு பக்கமும் 295.6 வருகிறது; மேற்பரப்பில் ஆழமான கீறல் இல்லை. என் கேள்வி: லைனரை மாற்றாமல் இதையே பூட்டலாமா? இறுக்கும் ஒழுங்கு எப்படி?

மறுமொழி: பழைய கராஜ்காரர், தெமட்டகொடை

தம்பி, பேனாக் கோடு போட்டுப் பார்த்தீர்களே, அந்த இடத்தில்தான் வேலை முடிந்தது. 40 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், பல பேர் அஜஸ்டரைக் கையில் எடுத்துத் துருவை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றுக்கு வல மரை, மற்றதுக்கு இட மரை. ஒரே தட்டத்தில் இரண்டு பக்கத்துச் சாமானையும் போட்டுக் கழுவினால் மாறிப்போவது மிக எளிது. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைனரை மாற்றத் தேவையில்லை. ஹைலக்ஸுக்கு டொயோட்டா சொல்லும் குறைந்த தடிப்பு 1 மில்லிமீற்றர். என் கணக்கில் பாரம் ஏற்றுபவர் 2 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிட வேண்டும். உங்களிடம் 3.5 இருக்கிறது. ஆணி அடித்த லைனராக இருந்தால் ஆணித் தலைக்கு மேலேயுள்ள தடிப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், தகட்டிலிருந்து அளக்கக் கூடாது. டிரம்மும் 297 ஐத் தொட இன்னும் இடமிருக்கிறது, லேத்துக்குக் கொடுக்க வேண்டாம். கீறல் இல்லாத டிரம்மைச் சீவினால் அதன் ஆயுளைக் குறைப்பதுதான் மிச்சம்.

பூட்டும்போது, பின் தகட்டில் லைனரின் விளிம்பு உரசும் இடங்களில் பளபளப்பான தேய்மானம் தெரியும். அங்கே வெப்பம் தாங்கும் கிறீஸை ஒரு அரிசியளவு தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். லைனரின் முகத்தில் கிறீஸ் கை பட்டுவிடாமல் ஒட்டு நாடா சுற்றி வைத்து, டிரம் போடும் முன்னர் உரித்துவிடுங்கள். அஜஸ்டர்களைப் பக்கம் மாற்றிப் போட்டதும், நெம்பு தள்ளும் திசையில் தண்டு நீள்கிறதா என்று இரண்டு பக்கத்திலும் மீண்டும் பாருங்கள்.

இறுக்குவதற்கு முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை முற்றாகத் தளர்த்திவிடுங்கள். உள்ளேயுள்ள நெம்பு தன் இருப்பிடத்தில் போய்ச் சாய வேண்டும். பிறகு டிரம்மைப் போட்டு, துளை வழியாகப் பல் சக்கரத்தைச் சுழற்றி, கையால் டிரம்மைச் சுற்றும்போது ஒரே சீரான மெல்லிய உரசல் கேட்கும் வரை கொண்டுவாருங்கள். பெடலைப் பல முறை மிதித்து லைனர்கள் நடுவில் வந்து உட்காரச் செய்து, மீண்டும் சுற்றிப் பாருங்கள். தேவைப்பட்டால் ஓரிரு பல் கூட்டிக் குறையுங்கள். இது இரண்டு பக்கமும் முடிந்த பின்னர்தான் கேபிளை இறுக்க வேண்டும். வீல் சிலிண்டரைத் திறக்கவில்லை என்பதால் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலை உங்களுக்கு இல்லை. சில்லு நட்டுகளை எதிரெதிராக, வாகனக் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடிய பின் ஒரு முறை சரிபாருங்கள்.

பிரேக் ஒயிலை மாற்றிப் பல வருடமாகிவிட்டது என்றால், வேறொரு நாளில் அதையும் செய்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொழும்பில் ஈரத்துக்குக் குறைவேது. டொட் 3 என்ற பிரேக் ஒயில் வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த எல்லை 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். கடுகண்ணாவையில் இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

முதல் ஓட்டத்தில் ஆளில்லாத வீதியில் 20 கிலோமீற்றர் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். ஐந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு இரண்டு பின் சில்லுகளின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள். ஒன்று மற்றதைவிட அதிகம் சுட்டால், அந்தப் பக்கம் இறுக்கம் கூடிவிட்டது.

மறுமொழி: வெள்ளவத்தைக் கடலோரம்

ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு எங்கள் கெப்பின் இரண்டு அஜஸ்டர்களிலும் அப்பா வர்ணத்தால் 'இ', 'வ' என்று எழுதி வைத்துவிட்டார். இடம் வலம் மாறுவதற்கு இனி வழியில்லை.

மறுமொழி: மட்டக்குளி கெப்காரர்

இன்றோடு 24 நாள் ஆகிறது. சொன்னபடியே, கேபிளைத் தளர்த்தி, அஜஸ்டரில் இறுக்கி, கடைசியாகக் கேபிளின் தளர்வை எடுத்தேன். முதல் நாள் ஐந்து கிலோமீற்றர் ஓடிய பின் இடப்பக்கச் சில்லு சற்றுக் கூடுதலாகச் சுட்டது; இரண்டு பல் தளர்த்தியதும் இரண்டும் சமமாகிவிட்டன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹேண்ட் பிரேக்கின் பல்லை எண்ணி ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன்: 7, 7, 7. பழைய கணக்குப்படி இந்நேரம் 12 ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

நேற்று 15 மூட்டை சீனியோடு மோதறை ஏற்றத்தில் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் விட்டுப் பார்த்தேன். காலைப் பெடலுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, முழுதாக இரண்டு நிமிடம் காத்திருந்தேன். வாகனம் அசையவில்லை. பிரேக் ஒயிலை வருகிற போயாவில் மாற்றப் போகிறேன். கிழிந்த இறப்பர் உறைக்குப் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே போட்டுவிடுவேன்.